விரட்டிப் பிடிக்க பிரேக் போடுங்கள்

விண்வெளிப் போர்க்கதை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்பதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பின்னணி இசையும்தான் அங்கே கேட்காது. அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லையே. என் வருத்தம் துரத்தல் காட்சிகளைப் பற்றியது. கேப்டன் "முழு வேகம்!" என்று கத்துகிறார், கப்பல் சீறுகிறது, அடுத்த பத்தியில் எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். பூமியைச் சுற்றும் பாதையில் இப்படி நடக்காது.

1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் இதைத்தான் செய்து பார்த்தார். அவர்களைச் சுமந்துவந்த டைட்டன் ராக்கெட்டின் மேலடுக்கு பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்தினார். அது விலகியது. மறுபடி உந்தினார், இன்னும் விலகியது. எரிபொருளில் ஏறக்குறைய பாதி காலியானதும் கைவிட்டுவிட்டார்கள். மெக்டிவிட் கொரியப் போரில் பறந்த தேர்ந்த விமானி. விமானத்தில் பழகிய கைதான் அங்கே அவர் காலை வாரியது.

சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் கலம் மேலே ஏறும். மேலே போனால் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும், ஆக நீங்கள் பின்தங்குவீர்கள். முன்னால் போகிறவனைப் பிடிக்க எதிர்த்திசையில் உந்தி, கீழே இறங்கி, உள்வட்டத்தில் அவனை எட்டி, அப்புறம் மேலேறி வர வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ தாழ்ந்த பாதையிலிருந்து ஏறிவந்துதான் ஜெமினி 7-ஐ ஓர் அடி தூரம் வரை நெருங்கியது. விரட்டுவதற்காக பிரேக் போடும் கேப்டன்! இந்தத் திருப்பத்தை இயற்பியல் இனாமாகக் கொடுக்கிறது, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

பீரங்கிக்கு வருவோம். 1974-ல் சோவியத் யூனியன் ஏவிய சல்யூட் 3, உண்மையில் ஒரு ராணுவ விண்வெளி நிலையம். அதிலிருந்த பீரங்கியைத் தனியாகத் திருப்ப முடியாது. குறி பார்க்க மொத்த நிலையத்தையே திருப்ப வேண்டும். ஆள் யாரும் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து கட்டளை அனுப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். உண்மையில் வெடிமருந்துகூடத் தேவையில்லை. விநாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் மோதும் ஒரு கிலோ இரும்பில் ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. 1983-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கண்ணாடியில் பள்ளம் விழுந்ததற்குக் காரணம் ஒரு பெயின்ட் துணுக்கு.

எனக்கு மிகப் பிடித்தது வெப்பம். "எஞ்சினை அணைத்து இருளில் பதுங்கினோம்" என்று எழுதுகிறீர்கள். மனிதர் வாழும் கதகதப்பில் உள்ள கப்பலின் புறச்சுவர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 400 வாட் அகச்சிவப்பை உமிழும். பின்னணி வானமோ 3 கெல்வினுக்கும் கீழே, அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிர். எதிரியின் கண்ணுக்கு அது இருட்டறையில் எரியும் விளக்கு. வெற்றிடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. ரேடியேட்டர் எனும் அகலமான வெப்பம் வெளியேற்றும் தகடுகளை விரித்து, கதிர்வீச்சாகத்தான் தள்ள வேண்டும்.

இப்போது யோசியுங்கள். சண்டை தொடங்குகிறது. விரித்த ரேடியேட்டர் பெரிய இலக்கு, ஒரு துணுக்கு பட்டாலும் கிழியும். மடித்துவிட்டால் லேசர், அணு உலை, ஆட்கள் எல்லாவற்றின் சூடும் உள்ளேயே தேங்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அறை இன்னும் கொஞ்சம் கொதிக்கிறது. வியர்வை துளியாக வழியாமல் நெற்றியிலேயே படலமாக ஒட்டிக்கொள்கிறது. விரித்தால் அடி விழும், விரிக்காவிட்டால் வெந்து போவோம். கேப்டனின் கை அந்தப் பொத்தான் மேல் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தை யாராவது எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்