வளைந்த மரத்து ஊர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

போன வாரம் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. மிச்சிகனின் வடக்குப் பக்கம் போய் வந்தோம். ஹார்பர் ஸ்பிரிங்ஸிலிருந்து கிராஸ் வில்லேஜ் வரை ஏரிக்கரை மேட்டில் ஒரு சாலை போகிறது. இரண்டு பக்கமும் மரங்கள் பந்தல்போட்ட மாதிரி கவிந்திருக்கும். அழகைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் அந்தக் கரையில் 15, 16 மைல் நீளத்துக்கு ஒரே தொடர்ச்சியாக ஓர் ஊர் இருந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

அந்த ஊர் ஒட்டாவா மக்களுடையது. ஒட்டாவா என்றதும் உனக்குக் கனடாவின் தலைநகரம் நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களான ஒடாவா என்னும் பூர்வகுடி மக்களை. ஊரின் பெயர் வாகனாகிசிங், அதாவது வளைந்த மரம் நிற்கும் இடம். உச்சி கொக்கிபோல் வளைந்த பெரிய பைன் மரம் ஒன்று, படகில் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே அடையாளமாக நின்றதாம். பிரெஞ்சுக்காரர்கள் அதையே தங்கள் மொழியில் லார்பர் குரோஷ் என்றார்கள்.

1740களின் தொடக்கம் வரை இவர்கள் பிரெஞ்சுக்காரர்களின் மிச்சிலிமாக்கினாக் கோட்டைப் பக்கம் பயிர் செய்தார்கள். மண் சத்து போய்விட்டது. வேறெங்காவது போய்விடுவார்களோ என்று பிரெஞ்சுக்காரர்களுக்குக் கவலை. கோட்டைக்காரர்களின் சாப்பாடே இவர்கள் பெண்கள் விளைவித்த மக்காச்சோளத்தை நம்பித்தான் இருந்தது. தோல் வியாபாரத்துக்கு மேற்கே போகிற படகோட்டிகளுக்கும் அதே தானியம். போகிற படகும் இவர்கள் பிர்ச் மரப்பட்டையில் கட்டியது. அதனால் பேசிப் பேசி, சுமார் 20 மைல் தள்ளி இந்தக் கரையில் குடியமர வைத்தார்கள். வெள்ளைக்காரன் வந்தான், பூர்வகுடிகள் காட்டுக்குள் ஒதுங்கினார்கள் என்றுதானே நாம் படித்தோம்? இங்கே அவன் அடுப்பு எரிந்ததே இவர்கள் தயவில்.

1763 ஜூன் 2 அன்று ஓஜிப்வே என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் பந்து விளையாடுவதுபோல் வந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது அது ஆங்கிலேயர் கையில் இருந்தது. தங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்களே என்று ஒடாவாக்களுக்குக் கோபம். உயிர்பிழைத்த தளபதியையும் மற்ற ஆங்கிலேயர்களையும் தங்கள் பொறுப்பில் எடுத்து, பிறகு மொன்றியால் வரை கொண்டுபோய் விட்டார்கள்.

பெரியம்மைக் கதையைப் படித்தபோது கை நடுங்கியது. அந்த ஊரிலேயே வளர்ந்த ஆண்ட்ரூ பிளாக்பேர்டு என்பவர், தன் மக்களின் வரலாற்றை 1887இல் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். முன்னோர் சொல்லக் கேட்டதாக அவர் சொல்வது இது. மொன்றியாலில் ஒரு தகரப்பெட்டியை விற்று, ஊருக்குப் போய்த்தான் திறக்க வேண்டும் என்றார்களாம். திறந்தால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. கடைசியில் பூஞ்சணம் பிடித்த ஏதோ துகள்கள். கொஞ்ச நாளில் குடிசை குடிசையாகச் சாவு.

அப்புறம் அமெரிக்க ஆட்சி. 1836 உடன்படிக்கையில் ஒடாவாக்களும் ஓஜிப்வேக்களும் சுமார் 1 கோடியே 38 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். குடியிருக்க என்று ஒதுக்கிய இடங்களையும், எல்லாம் பேசி முடித்த பிறகு, ஐந்து வருடத்துக்கு மட்டும் என்று செனட் சபை திருத்திவிட்டது. அதற்குப் பிறகு மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்படலாம். சிலர் கனடாவில் உள்ள மானிட்டூலின் தீவுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் செய்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். நிலத்துக்கு ஈடாக அரசு வருடாவருடம் கொடுத்த பணத்தைச் சேர்த்து, அரசின் நில அலுவலகத்துக்கே போய், தங்கள் நிலத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள்! நிலவரி கட்டுகிறவனை எளிதில் துரத்த முடியாது என்ற கணக்கு. வேறு வழியில்லாத நேரத்தில் எப்படிப்பட்ட தெளிவு, பார்.

1855இல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. குடும்பத் தலைவருக்கு 80 ஏக்கர், தனியாளுக்கு 40 ஏக்கர் என்றார்கள். பத்திரக் குளறுபடியிலும் வரி பாக்கியிலும் ஏமாற்றிலும் அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆனாலும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இன்று லிட்டில் டிராவர்ஸ் பே ஒடாவாக்கள் எனப்படும் அவர்களை மத்திய அரசு 1994இல் மறுபடி முறையாக அங்கீகரித்தது. அவர்களின் அரசு இயங்குவதும் ஹார்பர் ஸ்பிரிங்ஸில்தான். பிளாக்பேர்டு அங்கே தபால் அதிகாரியாக இருந்தவர். அவருடைய வீடு இன்னும் நிற்கிறது; அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சரி, பாப்பாவின் கல்லூரி விஷயம் என்ன ஆயிற்று? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்