சுவோனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ வேலைக்குச் சென்ற நாள் முதல் தென் கொரியாவைப் பற்றிக் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். 1371ஆம் ஆண்டு உன் சுவோனுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்ட ஷின் டோன் என்ற புத்தத் துறவி சில நாட்களாக என் நினைவை விட்டு அகலவில்லை. தாலுகா அலுவலகத்தில் நிலப் பதிவேடுகளோடு காலம் கழித்தவனுக்கு இது ஆச்சரியமில்லை.

அவருடைய தாய் மடத்து அடிமை என்பதால் சக துறவிகளே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்று கொரியாவை ஆண்ட கோரியோ வம்சத்து அரசர் கோங்மின், 1365இல் அரசி நோகுக் பிரசவத்தில் இறந்த பின், ஆட்சிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பெருங்குடும்பங்கள் கொண்டு கொடுத்து ஒருவர் குற்றத்தை ஒருவர் மறைக்கின்றன, படித்தவர்களோ ஆசிரியர், மாணவர் என்று கட்சி கட்டுகிறார்கள், ஆகவே உறவும் பற்றும் இல்லாத ஒருவர் வேண்டும் என்பதே அரசரின் கணக்கு.

அந்தக் குடும்பங்கள் உழவர்களின் நிலத்தைப் பறித்து, அவர்களையும் அடிமைகளாக எழுதிக்கொண்டதால் வரி கட்ட ஆளில்லாமல் போயிருந்தது. 1366இல் ஷின் டோன் நிலத்தையும் மக்களையும் சரிபார்க்கத் தனி அலுவலகம் அமைத்தார். பறித்ததைத் தலைநகரில் இருப்பவர்கள் 15 நாட்களுக்குள்ளும் மாகாணங்களில் இருப்பவர்கள் 40 நாட்களுக்குள்ளும் திருப்பித் தந்தால் தண்டனை இல்லை, கெடு தாண்டினால் உண்டு என்று அறிவித்தார். செல்வாக்குள்ளவன் வளைத்துப்போட்ட புறம்போக்கில் அளவுச் சங்கிலியை இழுப்பதே எத்தனை பாடு என்று அறிந்தவன் நான். அவர் ஒரு நாடு முழுவதற்கும் கெடு வைத்தார். பலர் திருப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் அடிமைகள் அல்ல என்று முறையிட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். அரசருக்குச் சமமாக ஒரே ஆசனத்தில் அமர்ந்திருந்தபோது யி ஜோன்ஓ என்ற அதிகாரி அதட்டியதும் திடுக்கிட்டுக் கீழே இறங்கினாராம். அதிகாரம் தலைக்கேறியிருந்தது என்பதற்கு அது போதும். ஆனால் கருங்கோழியும் வெள்ளைக்குதிரையும் தின்றார், வேட்டை நாயைக் கண்டால் நடுங்கினார், ஆகவே அவர் கிழட்டு நரி ஆவி என்று ஊரார் பேசினார்கள் என்றெல்லாம் வரலாற்றில் எழுதி வைத்திருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அந்த வரலாறு, கோரியோவைக் கவிழ்த்து 1392இல் அமைந்த சோசன் அரசின் கீழ் 1451இல் முடிக்கப்பட்டது. கவிழ்த்ததை நியாயப்படுத்த, கோங்மினுக்குப் பின் வந்த ஊ என்ற அரசர் அவருடைய மகனல்ல, இந்தத் துறவியின் மகன் என்று நாட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1367இல் தலைநகர் கேசோங்கில், சீன ஞானி கன்பூசியஸின் நெறியைக் கற்பிக்கும் கல்விக்கழகம் மீண்டும் எழுந்தது இந்தத் துறவியின் காலத்தில்தான். அங்கே உருவான தலைமுறையிலிருந்து வந்தவர்களே பின்னாளில் பௌத்தத்தை அரசவையிலிருந்து விரட்டினார்கள்.

கோங்மின் நினைத்தபடியே அவருக்கு உறவென்று யாருமில்லை. ஆறே ஆண்டுகளில் அரசர் மனம் மாறி, சதிக் குற்றம் சுமத்தப்பட்டபோது பரிந்து பேசவும் யாருமில்லை. அந்த வரலாற்று நூலில் அவரைத் துரோகிகள் பகுதியில் சேர்த்தவர்கள், விடுதலை பெற்ற அடிமைகள் 'மகான் வந்துவிட்டார்' என்று சொன்னதை மட்டும் அதே பக்கங்களில் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

விடுமுறையில் நீ நடக்கும் கோட்டைச் சுவர் அவருக்கு 400 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தையது. அவர் நினைவாக அந்த ஊரில் ஒரு கல்லாவது உண்டா என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா