முதலில் பிரிய வேண்டியது ஈரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து மீள்சுழற்சிக்குக் கொடுப்பதால் சுற்றாடலுக்கு உண்மையில் நன்மை உண்டா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. “எல்லாம் கடைசியில் ஒரே குவியலுக்குத்தானே போகுது” என்று சலித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு யோகட் கப்பைக்கூட விடாமல் கழுவிக் காயவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் பாதி சரி. பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். திருகோணமலை போல ஆலைகளுக்கு எட்டத்தில் இருக்கும் ஊரில் இன்னும் மாறும்.

தயங்காமல் கொடுக்க வேண்டியவை அலுமினியமும் இரும்பும். மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் சக்தியில் சுமார் 5 வீதம் போதும், பழையதை உருக்கி எடுக்க. பழைய இரும்பு வாங்க வருபவர் வாசலில் நின்று காசு கொடுத்து வாங்கிப்போவது அதனால்தான். சோடாப் பேணியை மிதித்துத் தட்டையாக்கி ஒரு பையில் சேர்த்து வைத்தால் போதும்.

கண்ணாடி அப்படியல்ல. திரும்ப நிரப்பப்படும் போத்தலைக் கடையிலேயே கொடுப்பது நல்ல லாபம். உடைத்து உருக்குவதென்றால் லாபம் மெலிகிறது: உலையில் 10 வீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் மிச்சமாகும் சக்தி 3 வீதம் அளவே. கண்ணாடி பாரமான சாமான், உலை இருப்பதோ கொழும்புக்கும் அப்பால் ஹொரணையில். அதோடு உடைந்த பீங்கான் கோப்பையைக் கண்ணாடியோடு போட்டுவிடாதீர்கள். கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது. புதுப் போத்தலின் சுவரில் கல்லாக நிற்கும், அந்த இடத்தில்தான் போத்தல் வெடிக்கும்.

பலரும் கேட்பது தண்ணீர், சோடா விற்கும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் போத்தலைப் பற்றி. கொழும்புப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நசுக்காத வெறும் போத்தலை 20 கன மீற்றர் கொள்ளும் லொறியில் வாய்வரை அடைத்தாலும் 400 கிலோ தேறாது, ஏனென்றால் ஏற்றுவது பெரும்பாலும் காற்று. லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறி ஒருவழிக்கு மட்டும் 52 லீற்றர் டீசல் குடிக்கும், அது சுமார் 140 கிலோ காபனீரொட்சைட்டு. தொன்னுக்குக் கணக்குப் பார்த்தால் 350 கிலோவைத் தாண்டும். அதே போத்தலை அழுத்திக் கட்டாக்கி 4 தொன் ஏற்றினால் தொன்னுக்கு 35 கிலோதான். ஒரு தொன் புதிய பெட் செய்ய 2 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியாவதால், நசுக்காமல் அனுப்பினாலும் நட்டமில்லை. ஆனால் கிடைக்க வேண்டிய நன்மையில் ஒரு துண்டை வழியிலேயே எரித்துவிடுகிறோம். கூலிக்கும் கட்டாததால் சேகரிப்பவர் அந்தப் போத்தலைத் தொடமாட்டார். நடைமுறையில் இந்தக் காரணம்தான் பெரிது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரால் போத்தலை ஒருமுறை அலசுங்கள். இதற்கென்று புதிதாகக் குழாயைத் திறக்க வேண்டாம். மூடியைக் கழற்றி, போத்தலை மிதித்துக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். மூடி வேறு பிளாஸ்டிக் ஆயிற்றே என்று யோசிக்க வேண்டாம்: ஆலையில் நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது பெட் தாழும், மூடி மிதக்கும், இரண்டும் தானாகப் பிரியும். கழற்றி எறிந்த மூடிதான் கானுக்குள் விழுந்து கடலுக்குப் போகிறது. ஆபத்தானது, போத்தல் முழுவதையும் இறுக்கிச் சுற்றியிருக்கும் உறை. அது பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் பெட்டோடு சேர்ந்து தாழும். பெட் உருகுவது 250 பாகை செல்சியஸ் அளவில், பி.வி.சி. அந்தச் சூட்டில் கருகி அமிலம் கக்கும். நல்ல பெட்டும் மஞ்சளாகி, கரும்புள்ளி விழும். அந்த உறையைக் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள்.

பால்மா உறை, பிஸ்கற் உறை போன்றவற்றைக் கழுவுவது வீண் வேலை. பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகள் அவை. பிரித்தெடுக்கும் செலவு பொருளின் விலையை விடக் கூடியது. பிளாஸ்டிக்கில் பதித்த முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தை நம்பியும் ஏமாற வேண்டாம். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும், மீள்சுழற்சி நடக்கும் என்று உறுதி சொல்லாது. உலகில் 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் மீள்சுழற்சிக்குப் போனது 9 வீதமே. அதற்காக வளவு மூலையில் கொளுத்துவதும் கூடாது. பி.வி.சி. கலந்த புகையில் டயொக்சின் என்ற நஞ்சு வரும்.

இனி, யாரும் கேட்காத பகுதிக்கு வருகிறேன். நம் வீடுகளின் குப்பையில் எடைக்குப் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அது குவியலுக்கடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் வாயு வரும். நூறாண்டுக் கணக்கில் மீதேன் காபனீரொட்சைட்டைப் போல 28 மடங்கு அளவுக்குச் சூடேற்றும். அதே ஈரம் மட்டைப்பெட்டியை நனைத்து, போத்தலில் கறி எண்ணெயைப் பூசி, விற்கக்கூடியதையும் விற்க முடியாததாக்கிவிடுகிறது. குவியலையும் பலவீனப்படுத்துகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்கமாட்டோம்.

வளவு உள்ளவர்கள் ஈரத்தை வீட்டிலேயே நிறுத்திவிடலாம். 200 லீற்றர் பிளாஸ்டிக் பரலின் அடியை வெட்டி, பக்கவாட்டில் சாணுக்கொரு துளையாக விரல் பருமனில் போட்டு, மூன்று கல்லின்மேல் நிறுத்துங்கள். அடியில் சிரட்டையும் மட்டைத் துண்டும் அரை அடிக்கு. பிறகு ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. பெரும்பாலான பரல்கள் கெடுவது இந்தச் சருகைப் போடாததால்தான். முகர்ந்தாலே குறை தெரியும்: மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் சருகு போதாது, கூழ்முட்டை நாற்றம் என்றால் காற்று போதாது, கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி கசிய வேண்டும், அதுவே சரியான ஈரம். வரண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பரல் காய்ந்து எறும்புப் புற்றாகிவிடும், மூன்று நாளைக்கொருமுறை அரை வாளி தண்ணீர் தெளியுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தகரத்தால் மூடி, சருகை இரட்டிப்பாக்குங்கள். வாரமொருமுறை கிளறினால் மூன்று மாதமளவில் பசளை தயார். தண்ணீரை நிறுத்தாத நம் கரையோர மணலுக்கு அது மிகவும் தேவையானது.

மீன் குடல், செதிலைப் பரலில் போடாதீர்கள். தென்னையடியில் ஒன்றரை அடி தோண்டிப் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் அன்றிரவே நாய் கிளறும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்கட்டும், மணல் நிலத்தில் அழுகிய நீர் கிணற்றுக்கு விரைவாகப் போய்ச்சேரும்.

உலர்ந்தவற்றை உரப்பையில் கட்டிக் கூரைக்கடியில் வையுங்கள். வெளியே மழை படும்படி சேர்த்து வைக்கும் தகரப்பேணியும் தயிர்ச்சட்டியும் நுளம்புக்குத் தொட்டில். 2017இல் பக்கத்துக் கிண்ணியா டெங்குவால் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும்.

வளவில்லாத வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் இதெல்லாம் பொருந்தாது. அங்கே உள்ளூராட்சி சபைகள்தான் வழி செய்ய வேண்டும். ஈரமும் உலர்ந்ததும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் விழுந்தால் வீட்டில் செய்த பிரிப்பு அந்த நிமிடமே கலைந்துவிடும். பெட்டியின் நடுவே பலகை அடிப்பதை விட எடுக்கும் நாட்களைப் பிரிப்பது மேல், ஏனெனில் ஒரு பக்கம் நிரம்பியதும் பலகைக்கு மேலால் கொட்டத்தான் செய்வார்கள். ஈரக்கழிவை வாரம் இருமுறையும், உலர்ந்ததை இரு வாரத்துக்கொருமுறையும் எடுத்தால் போதும். நாள் மாற்றி வைத்த பையை ஏற்றாமல் விட்டுப்போக ஊழியருக்கு அதிகாரம் வேண்டும். சேகரிக்கும் இடத்தில் போத்தலையும் மட்டையையும் அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்றாவது இருக்க வேண்டும். அது வரும்வரை, மேலே சொன்ன லொறி காற்றைத்தான் சுமக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.