மொசாசர் தாடைக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்

புதைபடிவக் கண்காட்சி நடத்துவோருக்கும் இணைய ஏல நிறுவனங்களுக்கும், வணக்கம்.

மொரோக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும், மொசாசர் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனவற்றின் தாடைகள் உங்கள் அரங்குகளுக்குப் புதிதல்ல. கிரெட்டேசியக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், அதாவது ஏறத்தாழ 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்தது. உதிரிப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பல்லோடு கூடிய முழுத் தாடை அரிது. ஒட்டுத் தாடை உருவாவது இதனால்தான். பற்கள் உண்மையானவை, எலும்புத் துண்டுகள் வெவ்வேறு விலங்குகளுடையவை, இடையே பாஸ்பேட் மணலைப் பசையில் குழைத்த சாந்து. அலமாரிக்கு அழகுதான், விற்கட்டும். ‘ஒட்டு’ என்று எழுதாமல் விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

பல்லின் அடியிலிருந்து தொடங்குங்கள். மொசாசர் பல்லின் மகுடம், அதாவது வெளியே தெரியும் பகுதி, தன்னைவிடப் பருத்த எலும்பு வேரின் மேல் நிற்கும். ஒரு பல்லுக்கு ஒரு குழி. புதுப் பல், பழைய வேரின் உட்புறப் பின்பக்கத்தை அரித்துக்கொண்டு முளைக்கும். அதனால் இயற்கையான தாடையில் சில குழிகள் வெறுமையாக இருக்கும், சிலவற்றில் பாதி வளர்ந்த பல் எட்டிப் பார்க்கும். எல்லாப் பற்களும் ஒரே உயரம், ஒரே சாய்வு, இடையில் ஓர் ஓட்டைகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். மொசாசரஸ் என்ற பேரினத்தின் வெட்டும் விளிம்புள்ள பல்லுக்குப் பக்கத்திலேயே, குளோபிடென்ஸ் என்ற வேறொரு மொசாசர் பேரினத்தின் காளான் போன்ற மொட்டைப் பல் இருந்தால், ஒட்டு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது மணல். இயற்கைப் படிவில் சிறு மீன் பற்களும் எலும்புத் துகள்களும் தாறுமாறாகக் கலந்திருக்கும். சாந்து ஒரே சீராக இருக்கும். காற்றுக் குமிழி தெரியும். பல்லின் அடியில் வளையமாக மேடிட்டிருக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் துடைத்தால் பல பசைகள் இளகும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முறையாகப் பதப்படுத்திய அசல் எலும்பின் மேலும் அதை உறுதிப்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிசினைப் பூசியிருப்பார்கள், அதுவும் அசிட்டோனில் கரையும். எபாக்சி பசை என்றால் எளிதில் அசைந்து கொடுக்காது. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் எலும்பும் பசையும் பெரும்பாலும் வேறு வேறாக ஒளிரும், ஆனால் மேலே நிறமும் மணலும் பூசி அதையும் மறைத்துவிடலாம். வேர் இருக்கிறதா, உள்ளே கம்பி ஓடுகிறதா என்பதை சிடி ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும்.

ஆய்வாளர்களுக்கே இது தலைவலி. கூரிப்கா பகுதித் தாடைத் துண்டு ஒன்றை வைத்து 2021இல் செனோடென்ஸ் என்ற புது மொசாசர் பேரினம் பெயரிடப்பட்டது. ஒரே குழியில் இரண்டு பற்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டிய வேறொரு குழு, அது போலியாக இருக்கலாம், சிடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று 2024இல் எழுதியது. நிலைமை இப்படியிருக்க, வாங்க வருபவர் மேசை முன் ஐந்து நிமிடம் நின்று கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே ஒவ்வொரு தாடைக்கும் ஒரு சீட்டைக் கட்டாயமாக்குங்கள். எலும்பில் எத்தனை சதவீதம் அசல், எத்தனை பற்கள் பிறகு பொருத்தியவை, சுற்றியுள்ள மணல் இயற்கையா, எந்தப் பசை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ‘பழுது பார்த்தது’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளிக்க விடாதீர்கள். விரிசலை ஒட்டினால் பழுது. இல்லாத எலும்பைச் சாந்தில் வார்த்தால் மறு உருவாக்கம். இரண்டு விலங்குகளைச் சேர்த்தால் ஒட்டு. ஏலத் தளங்கள் முன்புறப் படத்தோடு நிறுத்தாமல் பின்புறம், அடிப்புறம், எலும்பு உடைந்த முகம், புற ஊதா ஒளியில் ஒன்று என அளவுகோலோடு கேட்க வேண்டும். உடைந்த முகத்தில் கடற்பஞ்சு மாதிரி நுண்துளைகள் தெரியாவிட்டால் அங்கேயே கேள்வி எழுப்பலாம்.

சீட்டில் எழுதியது பொய் என்று தெரிந்தால் விற்றவர் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மறுத்தால் அடுத்த ஆண்டு அவருக்கு மேசை ஒதுக்காதீர்கள்.

இப்படிக்கு,
புதைபடிவம் சேகரிப்போரும் பதப்படுத்துவோரும்