மிக்சிங்குக்கு அனுப்பும் முன்: கிளிப்புகளைக் கிரிட்டில் நிறுத்துவது எப்படி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பதிவு செய்து நீங்கள் அனுப்பும் ட்ராக்குகள் ஒன்றோடொன்று சேராமல் வந்தால், பெரும்பாலும் வாசித்தவர் மேல் தப்பிருக்காது. கிளிப்பை (பதிவான ஒலித்துண்டை) கிரிட்டில் (திரையில் தாளத்தைக் காட்டும் கோடுகளில்) வைத்த விதம்தான் காரணம். உங்களில் பலர் ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துவதால் அதையே வைத்து விளக்குகிறோம்.

முதலில் டெம்போ, அதாவது பாடலின் வேகம். பாடல் 96.3 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 96.3 தாள அடி) ஓடுகிறது, புராஜெக்டில் 96 என்று போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து வினாடியில் காதுக்கு ஒன்றும் தெரியாது. நான்கு நிமிடம் முடியும்போது முக்கால் வினாடி விலகியிருக்கும். அந்த வேகத்தில் அது ஒரு தாள அடிக்கும் மேல். எனவே கடைசிச் சரணத்தின் அடிகளும் கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். கிளிக் (தாளம் காட்டும் ஒலி) இல்லாமல் வாசித்தது ஒரே எண்ணுக்குள் அடங்காது. ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஒரு டெம்போ மார்க்கர் (அங்கிருந்து வேகம் எவ்வளவு என்று சொல்லும் குறி) போட வேண்டும். அதற்கு முன் புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை (கிளிப்புகள் எதைப் பின்பற்றி நிற்கும் என்ற அமைப்பை) 'டைம்' என்று மாற்றுங்கள். மறந்தால் மார்க்கர் போடப் போட ஆடியோவும் சேர்ந்து நகரும்.

அதிகம் பிசகுவது ஸ்னாப்பில், அதாவது இழுக்கும் கிளிப்பைக் கோட்டில் தானாக ஒட்டவைக்கும் வசதியில். ஸ்னாப் போட்டு (ஆல்ட்+எஸ்) கிளிப்பை இழுத்தால் கோட்டில் ஒட்டுவது அதன் இடது ஓரம். ஓசையோ 30, 40 மில்லிவினாடி உள்ளே தள்ளித்தான் தொடங்கும். அந்த அளவு தாளம் பிந்தும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அடி எழும் இடத்தில் கர்சரை வைத்து, ஸ்னாப் ஆஃப்செட்டை அங்கே அமையுங்கள். இனி அந்தப் புள்ளிதான் கோட்டில் ஒட்டும். முன்பகுதியை அடி வரை ஒட்ட வெட்டாதீர்கள். 'டிக்' என்று கேட்கும், அடியின் கூர்மையும் போகும். குரலில் இன்னும் கவனம் வேண்டும்: 'சரணம்' என்று பாடினால் சகரத்தின் உரசல் முன்னால் வந்து, உயிரொலிதான் தாளத்தில் விழும். ஆஃப்செட்டை உயிரொலியில் வையுங்கள். அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவியைச் சமத்தில் (தாளத்தின் தொடக்க அடியில்) கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள்! திஸ்ர நடைக்கு (அடி மூன்றாகப் பிரியும் நடைக்கு) கிரிட்டை டிரிப்லெட்டுக்கு மாற்றாமல் குவாண்டைஸ் (ஒலிகளைத் தானாகக் கோட்டுக்கு நகர்த்தும் வசதி) கொடுத்தால் நடையே சிதைந்துவிடும்.

மிருதங்கத்துக்கு வலந்தலையில் (வலப்பக்கம்) ஒன்றும் தொப்பியில் (இடப்பக்கம்) ஒன்றுமாக இரண்டு மைக் வைத்திருந்தால், இரண்டு கிளிப்பையும் தேர்ந்தெடுத்து 'ஜி' விசையால் குழுவாக்கிய பிறகே நகர்த்துங்கள். ஒன்று மட்டும் ஒரு மில்லிவினாடி நகர்ந்தாலும் அந்த மைக்கை 34 செ.மீ. தள்ளி வைத்ததற்குச் சமம். தொப்பியின் கும்கி (வளைந்தெழும் கீழ்நாதம்) மெலிந்துபோகும், ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு அதை மீட்க முடியாது.

அனுப்பும்போது எல்லா ட்ராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் வரும் புல்லாங்குழலுக்கும் முன்னால் வெற்றிடம் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம், அது தொடக்கத்தில் தானாகவே சிறு வெற்றிடம் சேர்க்கும். டெம்போ, தாளம், சாம்பிள் ரேட் மூன்றையும் கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மிக்சிங் பிரிவு