சமன்பாட்டைச் சமன் செய்யக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதுகலை வேதியியல் முடித்து, இந்தக் கல்வியாண்டில்தான் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். சென்ற வாரம் வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்யும் பாடம், அதாவது இரண்டு பக்கமும் ஒவ்வொரு வகை அணுவும் ஒரே எண்ணிக்கையில் வரச் செய்யும் பாடம், நடந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு மாணவியை அழைத்துச் சமன் செய்யச் சொன்னேன். இடப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 2, வலப்பக்கம் 1 என்று சரியாக எண்ணிப் பார்த்த அவள், தண்ணீரில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிட்டு, கணக்குச் சரியாகிவிட்ட மகிழ்ச்சியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பத்தாம் வகுப்பில் அதே எண்ணை அதே இடத்தில் போட்டவள். அன்று என்னைத் திருத்திய ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் என் கண்முன் வந்து நின்றீர்கள். உங்களுக்கு நான் முறையாக நன்றி சொன்னதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உங்களில் சிலர் பெயர் வெளியே தெரிவதை விரும்ப மாட்டீர்கள் என்பதால் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு வரை, சமன்பாடு என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தேன். நான் போய்க்கொண்டிருந்த டியூஷனில் இருபது சமன்பாடுகளை எழுதிப் போட்டு, எண்களோடு சேர்த்து ஒப்பிக்கச் சொன்னார்கள். நானும் பிசகாமல் ஒப்பித்தேன். அவற்றில் அலுமினியம் ஆக்சிஜனோடு சேரும் வினையும் ஒன்று: 4, 3, 2 என்ற எண்கள் இன்றும் நாவில் நிற்கின்றன. தேர்வில் அலுமினியத்துக்குப் பதிலாக இரும்பைக் கேட்டிருந்தார்கள். இரும்பு ஆக்சைடும் அதே அமைப்பு உடையதுதான், அதற்கும் அதே 4, 3, 2தான் என்பது தெரியாமல் அந்தக் கேள்வியை எழுதாமலே விட்டுவிட்டு வந்தேன். தண்ணீருக்குக் கீழே 2 போட்டதும் அந்தத் தேர்வில்தான்.

அடுத்த வீட்டு அக்கா, நீங்கள் அப்போது இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தீர்கள். என் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "நீ தண்ணியச் சமன் செய்யல, தண்ணியவே மாத்திட்ட. புண்ணுல ஊத்துனா நுரைக்குமே ஒரு மருந்து, அது இது." ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். கீழே நிற்கும் எண் அந்தப் பொருள் எது என்பதைச் சொல்கிறது, அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. முன்னால் போடும் எண் அந்தப் பொருள் எத்தனை என்பதைச் சொல்கிறது, அது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்று நீங்கள் பிரித்துக் காட்டியதை, ஆசிரியப் பயிற்சியில் படித்த எந்த முறையை விடவும் பெரிதாக மதிக்கிறேன்.

சொன்னதோடு நீங்கள் விடவில்லை. செம்மண்ணைப் பிசைந்து ஆக்சிஜனுக்குப் பெரிய உருண்டைகளும், வெளிர்மண்ணில் ஹைட்ரஜனுக்குச் சிறிய உருண்டைகளும் பிடித்து, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, துடைப்பத்து ஈர்க்குச்சிகளை ஒடித்துச் செருகி மூலக்கூறுகள் செய்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறையும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறையும் வைத்துவிட்டு, இரண்டே விதிகள் சொன்னீர்கள்: முழு மூலக்கூறாக எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம், கடைசியில் ஓர் உருண்டைகூட மிஞ்சக் கூடாது. ஒரு தண்ணீர் செய்தேன். ஒரு செம்மண் உருண்டை தனியாக மிஞ்சியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பூத்தொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கூடையிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனை நானாக எடுத்து வைத்து, இரண்டாவது தண்ணீரைச் செய்து முடித்தபோது, திண்ணையில் எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு விடை தெரிந்த இடம் அதுதான். அதுவரை வாய் திறக்காமல் இருந்தீர்களே, அந்தப் பொறுமைக்குத்தான் முதல் நன்றி.

தாத்தா, நீங்கள் இன்று இல்லை. உங்களுக்குச் சேர வேண்டிய நன்றியையும் இங்கேயே எழுதுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாசலில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர் நீங்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தால் எடை பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும் என்று உங்கள் அனுபவத்தைச் சொன்னீர்கள். அப்படியானால் மீதி எங்கே போயிற்று என்ற கேள்வியோடு மறுநாள் பள்ளிக்குப் போனேன். தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோ என்றால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, காற்றோடு போகும் கார்பன் டைஆக்சைடு 44 கிலோ என்று வேதியியல் ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டியதும், நீங்கள் கைத்தூக்கில் அறிந்திருந்ததும் புத்தகத்தில் இருந்ததும் ஒன்றாக இருக்கக் கண்டு நான் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

வேதியியல் ஆசிரியர் ஐயா, அந்தக் கேள்விக்காகவே ஒரு பாடவேளையை ஒதுக்கினீர்கள். கூம்புக் குடுவையில் சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றி, பேரியம் குளோரைடு கரைசல் உள்ள சிறு சோதனைக்குழாயை நூலில் கட்டி அதற்குள் இறக்கி, தக்கையால் இறுக மூடி எடை பார்க்கச் சொன்னீர்கள். குடுவையைச் சாய்த்ததும் இரண்டும் கலந்து பால்போல வெண்மையான வீழ்படிவு உண்டானது. மறுபடியும் தராசில் வைத்தோம். எடையில் மாற்றம் இல்லை. காளவாசலுக்கு மூடி இல்லை, இந்தக் குடுவைக்கு மூடி இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான் என்றீர்கள். பிரெஞ்சு அறிவியலாளர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட பாடநூலில், திராட்சைச் சாறு நொதிப்பதை விளக்கும் இடத்தில், சாற்றை ஒருபுறமும் அதிலிருந்து உண்டாகும் கார்பன் டைஆக்சைடையும் ஆல்கஹாலையும் மறுபுறமும் வைத்து நடுவில் சமக்குறி இட்டார் என்பதையும் அன்றுதான் சொன்னீர்கள். நாங்கள் நோட்டில் எழுதும் சமன்பாடு, தராசை நம்பிய ஒரு மனிதரிடமிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அதை ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு: சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் எரியும் சமன்பாட்டில் நான் சிக்கி நின்றபோது, "ஆக்சிஜனைக் கடைசியில் பார்" என்று நீ சொன்ன ஒரு வரி எத்தனையோ சமன்பாடுகளுக்குக் கைகொடுத்திருக்கிறது. கார்பனுக்கு 4, தண்ணீருக்கு 5 என்று போட்ட பிறகு ஆக்சிஜன் அணுக்கள் 13 வந்தன. ஒற்றைப்படை வந்துவிட்டதே என்று நான் எல்லாவற்றையும் அடிக்கப் போனேன். ஆறரை என்று தற்காலிகமாக எழுதிக்கொண்டு மொத்தத்தையும் இரண்டால் பெருக்கச் சொல்லி, 2, 13, 8, 10 என்று முடித்துக் காட்டினாய். பாதி மூலக்கூறைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்பதை உன்னிடம்தான் கற்றேன்.

பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுத்த அம்மையாருக்கும் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரியும் சமன்பாட்டில் 2, 16, 2, 2, 8, 5 என்று எண்கள் வரும். எண்ணி எண்ணிச் சரிசெய்யும் பழைய முறையில் முட்டி மோதிக்கொண்டிருந்த எங்களுக்கு, மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் (எத்தனை எலக்ட்ரான்களை இழந்த நிலை என்பதைக் காட்டும் எண்) 7இலிருந்து 2ஆகக் குறைவதையும், அதற்கு வேண்டிய 5 எலக்ட்ரான்களைக் குளோரைடு தருவதையும் அம்மையார் விளக்கினார். 16 குளோரைடுகளில் 10 மட்டுமே எலக்ட்ரானை இழந்து குளோரின் வாயுவாகின்றன, மீதி 6 மாறாமல் உப்புகளுக்குள் போய்ச் சேர்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டிய பிறகு, 16 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. மறு ஆண்டு பெர்மாங்கனேட் தரம்பார்த்தலின்போது (ஒரு கரைசலின் செறிவை அளந்து காணும் சோதனையின்போது) நான் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலை நோக்கிக் கை நீட்டியதும், அண்ணன் தடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தை எடுத்துக் கொடுத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதி அதற்கே செலவாகி அளவு தவறிவிடும் என்று அவர் சொன்னது, அந்தச் சமன்பாட்டையே அவர் வாயால் கேட்டதுபோல இருந்தது.

புரிந்ததைத் தனக்குச் சொல்லச் சொல்லி இரவில் அடுப்படியில் உட்கார்ந்து கேட்ட அம்மாவுக்கும், சிலேட்டும் பெட்டி பெட்டியாகச் சுண்ணக்கட்டியும் வாங்கித் தந்த அப்பாவுக்கும் என் வணக்கம்.

அக்கா, நீங்கள் செய்த உருண்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் இத்தனை ஆண்டுகளாக வைத்திருந்தேன். இரண்டு ஆக்சிஜன்கள் விரிசல் விட்டிருந்ததால் கடந்த ஞாயிறு புதிதாகச் செம்மண் பிசைந்து செய்துகொண்டேன். திங்களன்று வகுப்பறை மேசையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்த மாணவியின் முன் ஒரு ஹைட்ரஜனையும் ஓர் ஆக்சிஜனையும் வைத்துவிட்டு, நீங்கள் அன்று இருந்ததுபோலவே பேசாமல் நின்றேன். சற்று நேரம் கழித்து அவள் டப்பாவுக்குள் கையை விட்டு இன்னொரு ஹைட்ரஜனை எடுத்தாள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி