அப்பாவின் பழைய மாத்திரை

அன்புள்ள முரளிக்கு,

நீ அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. "நான் குண்டே இல்லையே அம்மா, எனக்கு எப்படி?" என்று தொலைபேசியில் கேட்டாய். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

2004-இல் அப்பாவுக்கு ரோசிகிளிட்டசோன் மாத்திரை கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? சர்க்கரை இறங்கியது. எடையோ நான்கு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, செருப்பு வார் எட்டாமல் போனது. சில மாதங்களில் மருத்துவரே நிறுத்திவிட்டார். கொழுப்பு கூடினால் சர்க்கரை கூடும் என்று வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தவள் நான். கொழுப்பைக் கூட்டுகிற மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது எனக்குப் பல வருடம் விளங்கவேயில்லை.

2010-இல் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. கொழுப்புச் செல்லுக்குள் பி.பி.ஏ.ஆர். காமா என்றொரு புரதம் இருக்கிறது. எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் மேஸ்திரி அது. உடல் பருத்து, கொழுப்புத் திசுவில் அழற்சி மூளும்போது சி.டி.கே.-5 என்ற நொதி விழித்துக்கொண்டு, அந்தப் புரதத்தின் 273-ஆவது இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம். கொழுப்பைச் சேமிக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சில மரபணுக்கள் மட்டும் பிசகுகின்றன. கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைவது அதனால்தான். அப்பாவின் மாத்திரை அந்த பாஸ்பேட் ஒட்டுவதைத் தடுத்தது. கூடவே மேஸ்திரியை முழுவேகத்தில் முடுக்கியும் விட்டது. எடையும் வீக்கமும் அந்த வழியாக வந்தவை. ஒட்டுவதை மட்டும் தடுத்து, முடுக்கிவிடாத ஒரு பொருளை அடுத்த ஆண்டே பருத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது. அது மருந்தாக நம் கைக்கு வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம். இதய ஆபத்து கருதி அப்பாவின் மாத்திரையை இந்தியா தடை செய்ததும் அதே 2010-இல்தான்.

ஆக, கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை, 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கைகால் மெலிந்து வயிற்றில் மட்டும் சேரும் நம் உடம்பு அப்படிப்பட்டது. உன்னுடையதும்தான். போன பொங்கலுக்கு உனக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது இடுப்பு 94 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். பண்டிகை நாளில் மனம் வரவில்லை.

பட்டினி கிடக்காதே. இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிட்டு அரை மணி நேரம் நட. சோற்றைக் குறைத்து, சுண்டலையும் கீரையையும் கூட்டிக்கொள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே செய்து எனக்கு அனுப்பு. தையல் நாடாவை இத்துடன் வைத்திருக்கிறேன். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எழுது.

அன்புடன்,
அம்மா